டார்லிங் என்று சொல்ல எனக்கு முப்பத்தொரு வருடம் ஆனது

நேற்றுக் காலை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை நான் டார்லிங் என்று கூப்பிட்டுவிட்டேன். "அங்கேயே வச்சிருங்க டார்லிங்" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அவருக்கும் என் வயதுதான் இருக்கும், மீசை நரைத்தவர். தோளில் சிலிண்டரோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "வூட்டுல அண்ணன் இல்லீங்களா?" என்று கேட்டார். உள்ளே என் மகள் நிவேதா சிரித்த சிரிப்பில் அவளுடைய பதினைந்து நாள் குழந்தை விழித்துக்கொண்டது.

எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் மஞ்சுளா. தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் முப்பத்தொரு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. என்னோடு கடைசி ஆறு வருடம் வேலை பார்த்த செல்வி போன மாதம் போன் செய்தாள்.

"அக்கா, இங்க ட்ரெய்னிங் நடக்குது. பிரசவத்துக்கு வர்றவங்கள திட்டக் கூடாது, பேர் சொல்லித்தான் கூப்புடணும், கூட ஒரு பொம்பளைய உள்ள விடணும்னு சார்ட் எழுதி ஒட்டியிருக்காங்க. புதுசா வந்த புள்ளைங்க, அப்பெல்லாம் எப்படிக்கா இருந்துச்சுன்னு கேக்குதுங்க. பிலோமினா சிஸ்டர பத்தி நீங்க எழுதிக் குடுத்தா நல்லா இருக்கும்."

சரி என்றேன். அன்றே உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்தக் கட்டுரை ஒழுங்காக இருந்திருக்கும். நடுவில் என் மகளுக்குப் பிரசவம் ஆகிவிட்டது. அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நர்சிங் படித்தது சேலத்தில், மூன்று வருடம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கால் வலித்தது, ஹாஸ்டல் சோறு வேகவில்லை, பாஸ் செய்தேன். வேலை கற்றுக்கொண்டது இங்கே வந்துதான்.

வார்டுக்குப் பொறுப்பு பிலோமினா சிஸ்டர். குள்ளம், நல்ல பருமன். விவசாயம் செய்கிற கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். டிபன் கேரியரில் களி உருண்டையும் கீரையும் கொண்டுவருவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கை கழுவினால் முழங்கை வரைக்கும் கழுவுவார், மனதுக்குள் எண்ணிக்கொண்டே. கழுவிய கை சில்லென்று இருக்கும் அல்லவா? இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் வயிற்றில் கை வைப்பார். தை மாதக் குளிரில் நாங்கள் அப்படியே வைத்துவிடுவோம். அந்தப் பெண்கள் துள்ளுவார்கள். துள்ளாதே என்று நாங்கள் திட்டுவோம்.

சிஸ்டர் எல்லாரையும் டார்லிங் என்றுதான் கூப்பிடுவார். வலியில் கிடக்கிற பெண், பெருக்குகிற அம்மா, மருந்து கொண்டுவருகிறவர், நாங்கள், எல்லாருமே டார்லிங். ஒரு தடவை பெரிய டாக்டரையே, "கையுறை போட்டுக்குங்க டார்லிங்" என்று சொல்லிவிட்டார். அந்த டாக்டர் சிரித்தே யாரும் பார்த்ததில்லை. அன்று சுவரில் இருந்த கடிகாரத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டார்.

தொப்பூர்ப் பக்கம் லாரி பட்டறை வைத்திருந்த ஒருவர் கோபமாக வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "எம் பொண்டாட்டிய டார்லிங்குனு கூப்புடறானாமே, யாருங்க அவன்? வெளிய வரச் சொல்லுங்க!" என்று கதவைத் தட்டினார். பிலோமினா சிஸ்டர் ஏப்ரனோடு வெளியே வந்தார். "நான்தான் டார்லிங். சத்தம் போடாம உக்காருங்க. பொம்பளப் புள்ள பொறந்திருக்கு, உங்க மூக்கு." அந்த மனிதர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

எங்களுக்கு அந்த வார்த்தை ஒரு விளையாட்டு. டியூட்டி ரூமில் ஒருத்தி "டார்லிங், அந்த ரிஜிஸ்டரக் குடு" என்றால் இன்னொருத்தி இடுப்பில் கை வைத்து ஹீரோயின் போல வெட்கப்படுவாள். ஒரு நாள் சாப்பிடும்போது நான் கேட்டேவிட்டேன். "நம்ம பாசையில கண்ணு, சாமி, தாயின்னு எத்தனையோ இருக்கு. எதுக்கு சிஸ்டர் அந்தச் சினிமா வார்த்தை?"

சிஸ்டர் கையைக் கழுவிக்கொண்டு, ரிஜிஸ்டர் பீரோவிலிருந்து அட்டை கிழிந்த பெரிய அகராதி ஒன்றை எடுத்தார். ஊசி மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் அது இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

"டார்லிங் சினிமாவுல பொறந்தது இல்ல. பழைய வார்த்தை. முன்னாடி இருக்கறது டியர். ரொம்ப அருமையானதுன்னு அர்த்தம். கடையில வெலை அதிகமா இருந்தாலும் வெள்ளைக்காரன் அதே வார்த்தையத்தான் சொல்லுவான். பின்னாடி இருக்கற லிங் இருக்குதே, அது குட்டி. வாத்துக் குஞ்சு டக்லிங். எங்கண்ணன் தக்காளி நாத்து வுடுறாரே, அது சீட்லிங். அந்த மாதிரி இது. அருமையான குட்டி. ஆதியில ராசாவுக்குப் பிடிச்சமானவங்களையும் இப்படித்தான் சொல்லுவாங்களாம். லவ் பண்றவங்க பொறவுதான் எடுத்துக்கிட்டாங்க."

"அது சரிங்க சிஸ்டர். கண்ணுன்னாலும் அதே அர்த்தம்தானுங்களே?"

"கண்ணுன்னு யாரக் கூப்புடுவ? உன்னவிட சின்னவளா, உனக்கு முறையாவுமா, யார் வூட்டுப் பொண்ணுன்னு பாத்துத்தான் உன் வாயில வரும். பெரிய பண்ணைக்காரர் மருமவள கண்ணும்ப. அவங்க காட்டுல களை எடுக்கறவ வந்தா ஏய்ம்ப. இல்லன்னு சொல்லு பாக்கலாம்."

அது உண்மை.

"கன்னடம் பேசறவளும் வர்றா, தெலுங்கு பேசறவளும் வர்றா. இந்த வார்த்தை யாரு வூட்டுச் சொத்தும் இல்ல. அதனால எல்லாருக்கும் ஒண்ணாக் குடுக்கலாம். சாப்புடு டார்லிங், களி ஆறுது."

கேட்டுக்கொண்டேன். ஆனால் என் வாயில் வரவில்லை. தனியாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது. எனக்கு வந்ததெல்லாம் வார்டு பாஷை. "காலை அகட்டு, கத்தாதே, வாயை மூடு, மூச்சைப் பிடி." அதற்கும் மேலே, புருஷனோடு படுத்ததைச் சொல்லிக் குத்துகிற ஒரு வசனம் உண்டு. அதை எழுதக் கை கூசுகிறது. அந்த நாளில் பிரசவ வார்டுக்குப் போன எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். நாங்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர், கட்டில்களுக்கு நடுவே பாய் போட்டும் ஆட்கள். திட்டினால் வேலை சீக்கிரம் நடக்கிறது என்று நம்பினோம்.

மூன்றாவது வருடம் சின்னப்பாப்பா வந்தாள். மலைப்பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த கூலிக்காரப் பெண். இருபத்து மூன்று வயது, அது மூன்றாவது பிரசவம். வலி வரும்போதெல்லாம் கூரை பறக்கக் கத்தினாள். நான் அவளருகில் போய், இன்னொரு சத்தம் வந்தால் வெளியே தள்ளிவிடுவேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். சத்தமே இல்லாமல் ஆண் குழந்தை பிறந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிரசவம் முடிந்து நஞ்சுக்கொடி விழுந்த பிறகு முதல் இரண்டு மணி நேரம்தான் ஆபத்து. கால் மணிக்கு ஒரு தடவை நாடி பார்க்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், அடிவயிற்றில் கை வைத்துக் கருப்பை பந்து மாதிரி கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், போர்வையை விலக்கி உதிரப்போக்கைப் பார்க்க வேண்டும். முதல் கால் மணிக்கு எல்லாம் செய்தேன். இரண்டாவது கால் மணிக்கு வேறு ஒருத்திக்கு வலி முற்றியிருந்தது. கதவருகே நின்றபடியே, "ஏய் நாலாம் பெட், ஏதாச்சும் பண்ணுதா?" என்று கேட்டேன். அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். சீட்டில் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டேன்.

பிலோமினா சிஸ்டர் ரவுண்ட்ஸ் வந்தார். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, "என்ன டார்லிங், எப்படி இருக்கு?" என்று கேட்பது அவர் வழக்கம். மற்றவர்கள் வலி, பசி, மாமியார் என்று ஏதாவது சொன்னார்கள். சின்னப்பாப்பா பதில் சொல்லவில்லை. சிஸ்டர் இன்னொரு தடவை கேட்டார். அவள் உதடு வெளுத்திருந்தது. சிஸ்டர் போர்வைக்குள் கையை விட்டார். கை முழுக்க ரத்தம்.

கத்தவில்லை அவர். "மஞ்சுளா, ஊசி. டார்லிங், நீ ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடு" என்று இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டே கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி ஏறி, மெத்தென்று கிடந்த அடிவயிற்றைப் பிசைய ஆரம்பித்தார். சிறுநீர்ப்பையைக் காலி செய்தோம், இரண்டு கையிலும் ட்ரிப் ஏற்றினோம். அவள் புருஷன் ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தான். நெடுஞ்சாலையில் லாரியை நிறுத்திவிட்டு அடிபட்ட கிளீனரோடு வந்திருந்த ஒரு டிரைவர், கேட்காமலே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். ஒரு மணி நேரம் கழித்து கருப்பை கெட்டிப்பட்டது.

சாயங்காலம் அவளிடம் நான் கேட்டேன். "ஈரமா இருக்குதுன்னு உனக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுதுங்க. சத்தம் போடாதன்னு சொன்னீங்களே, அதான்."

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. மெமோவும் தரவில்லை. சீட்டை எடுத்து நான் எழுதிய வரியைக் காட்டி, "திட்டுனா வாய மூடிக்குவாங்க டார்லிங். அவங்க வாய மூடிக்கிட்டா உள்ள என்னா நடக்குதுன்னு நமக்கு யாரு சொல்லுவா?" என்றார். அவ்வளவுதான்.

அன்று முதல் நான் கை வைத்துப் பார்க்காமல் ஒரு சீட்டும் எழுதியதில்லை. அதைச் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் நாக்கு மட்டும் முழுதாகத் திருந்தவில்லை. கை நல்ல நர்ஸ் ஆயிற்று, வாய் பழைய மஞ்சுளாவாகவே இருந்தது.

இதற்கு ஒரு சாட்சி வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. நிவேதா ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளி விட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். என் ஷிப்டு முடியும் வரை டியூட்டி ரூமில் வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு நாள் பிலோமினா சிஸ்டர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, வா என்று எனக்குக் கை காட்டினார். எட்டிப் பார்த்தேன். நிவேதா தன் பிளாஸ்டிக் பொம்மையை மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தாள். அதன் காலை இரண்டு பக்கமும் விரித்து, "ஏய் நாலாம் பெட்! கத்தாத! வாய மூடு! அறைஞ்சிருவேன்!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் குரல் அப்படியே இருந்தது. சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேர் சிரிப்பும் ஒன்றில்லை.

அந்த வருடம் சிஸ்டர் ஓய்வு பெற்றார். பொம்மையை நான் மறந்துவிட்டேன். நிவேதா மறக்கவில்லை.

கல்யாணமாகி, ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிரசவத்தின்போது கூட யார் இருக்கப் போகிறார்கள் என்று நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். நான் புதுச் செருப்புக்கூட வாங்கி வைத்திருந்தேன், சத்தம் வராத ரப்பர் செருப்பு.

"அம்மா, நீ வெளிய இரு. அத்தை உள்ள வரட்டும்."

அத்தை என்றால் அவள் மாமியார் மாதம்மாள். ஏரியூரில் விவசாயம்.

"எதுக்குடி? முப்பத்தொரு வருசம் நான் அந்த ரூம்லதான்..."

"அதனாலதாம்மா. கதவத் தொறந்து அம்மாவா வருவியா, சிஸ்டரா வருவியான்னு எனக்குத் தெரியல. அந்த சிஸ்டர்னா எனக்கு இன்னும் பயம்."

மூன்று நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. நாலாவது நாள் வேறு வழியில்லாமல் மாதம்மாளை வரவழைத்துப் பாடம் எடுத்தேன். படம் வரைந்து விளக்கினேன். அவர் பாதியில் தூங்கிவிட்டார். எழுப்பினால், "எனக்கு என்னாங்க தெரியும் சம்பந்தி? மாடு கண்ணு போடறதுதான் பாத்திருக்கேன். நம்ம பக்கத்துல நிக்கணும், அதட்டக் கூடாது, அவ்வளவுதானுங்களே?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பாஸ், நான் பெயில்.

பதினாறு நாளுக்கு முன் காலையில் வலி எடுத்தது. மத்தியானம் உள்ளே கொண்டு போனார்கள். கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே.

அந்த வராந்தாவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. சொந்தக்காரர்கள் அதைத் தாண்டி வரக் கூடாது. அன்று காவலுக்கு நின்ற பெண் புதியவள், என்னைத் தெரியாது. "அந்தப் பக்கம் நில்லுங்கம்மா. யாரோ பெரிய சிஸ்டர் இருந்தாங்களாம், அவங்க சண்டை போட்டு அடிக்க வச்ச கோடாம். தாண்டுனா எனக்குத்தான் திட்டு வுழும்."

அந்தப் பெரிய சிஸ்டர், அதாவது நான், பின்னால் நகர்ந்து நின்றேன்.

உள்ளே நிவேதா கத்தினாள். இப்படி ஒரு கத்தலை நான் முப்பத்தொரு வருடத்தில் அனுமதித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் என் நாக்கின் நுனிக்குக் "கத்தாதே" வந்து நின்றது. மாதம்மாள் குரலும் கேட்டது. "கத்து சாமி, நல்லாக் கத்து! ஏரியூருக்கே கேக்கட்டும்!" வராந்தாவில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெரியவர் எனக்கு முறுக்கு கொடுத்தார். கடித்தேன்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் குழந்தையின் அழுகை. செல்வி தலையை மட்டும் நீட்டி, "பேத்திக்கா! மூணு கிலோ நூறு!" என்றாள். முறுக்குப் பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பிறகு பழக்கம் விடாமல் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் கால் மணி போயிற்று. இரண்டாவது கால் மணி ஆவதற்குள் கதவுக்கு அந்தப் பக்கம் என் மகள் குரல் உரக்கக் கேட்டது.

"செல்விக்கா! ஈரமா இருக்கு... சூடா போவுது... காது அடைக்குதுக்கா! யாராச்சும் பாருங்களேன்!"

சின்னப்பாப்பா சொல்லாமல் விழுங்கிய வார்த்தைகள் அவை. ஒவ்வொன்றாக என் மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே ஓட்டம் கேட்டது. "டாக்டரக் கூப்புடு, ரெண்டாவது ட்ரிப் போடு" என்று செல்வி குரல். எந்த ஊசியை எடுக்கிறார்கள், யார் கை எங்கே இருக்கிறது, எல்லாம் கதவுக்கு வெளியே நின்றபடி எனக்குத் தெரிந்தது. கோட்டை நான் தாண்டவில்லை. நான் உள்ளே இருந்திருந்தால் அவள் இப்படிக் கத்தியிருக்க மாட்டாள் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது. சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன், சின்னப்பாப்பா மாதிரி.

எத்தனை நிமிடம் என்று பிறகு சீட்டில் பார்த்தேன். பன்னிரண்டு. அது பன்னிரண்டு நிமிடம் என்று இன்னும் நான் நம்பவில்லை.

கதவு திறந்தது. செல்வியின் நெற்றியெல்லாம் வியர்வை. "நின்னுடுச்சுக்கா. பந்து மாதிரி ஆயிடுச்சு. சொன்னதால உடனே புடிச்சுட்டோம். உள்ள வாங்க, அம்மா எங்கன்னு கேக்கறா."

காவல் பெண் என்னையும் கோட்டையும் பார்த்தாள். "பெரிய சிஸ்டர் கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தாண்டினேன்.

நிவேதாவின் முகம் வெளுத்துக் கிடந்தது. கண் மட்டும் என்னைத் தேடியது. முதலில் அவள் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் வைத்தேன்.

"அம்மா, ரொம்பக் கத்திட்டேன். திட்டாத."

என் வாய் திறந்தது. வார்டு பாஷை ஒன்றுகூட அதில் இல்லை.

"நல்லாக் கத்துன டார்லிங்" என்றேன்.

செல்வி கையில் இருந்த பஞ்சைக் கீழே போட்டுவிட்டாள். மாதம்மாள்தான் முதலில் சுதாரித்தார். "என்னங்க சம்பந்தி, இங்கிலீசுல கொஞ்சறீங்க? எனக்கும் ஒண்ணு சொல்றது!"

"நீங்களும் டார்லிங்தானுங்க."

அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள்.

மறுநாள் பிலோமினா சிஸ்டருக்குப் போன் செய்தேன். எழுபத்தெட்டு வயது, அண்ணன் வீட்டில் இருக்கிறார். காது மந்தம். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, "கேக்கல டார்லிங், கத்திப் பேசு, இன்னும் கத்து" என்றார். முப்பத்தொரு வருடக் கதையை ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்திச் சொன்னேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

அதிலிருந்து அந்த வார்த்தை நிற்கவே மாட்டேன் என்கிறது. பால்காரர், எதிர்வீட்டு வாத்தியார், இப்போது சிலிண்டர்க்காரர். என் வீட்டுக்காரர் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அதைக் கேட்டதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் "நிவேதா பேபி" என்றுதான் இருக்கிறது.

செல்வி, இன்னும் கையுறை எப்படிக் கழற்றுவது, குறிப்பு எப்படி எழுதுவது என்றெல்லாம் சிஸ்டர் சொன்னதை எழுத நினைத்திருந்தேன். முடியாது போலிருக்கிறது. உள்ளே குழந்தை வீறிடுகிறது. அதற்கு மேலே நிவேதாவின் சத்தம், தெருமுனை வரைக்கும் கேட்கும்: "அம்மா! பால் கட்டிக்கிச்சு, வலி உயிர் போவுது, சீக்கிரம் வாம்மா!"

என்னைத்தான் கூப்பிடுகிறாள். கை தேய்த்துக்கொண்டு போகிறேன்.